பழைய சில்லுகளும் பழுதுற்ற யந்திரங்களும்

பெங்களூரு நகரின் வடமேற்கே, தும்கூர் சாலையை ஒட்டிப் பரந்து கிடப்பது பீன்யா தொழிற்பேட்டை. 1970-ஆம் ஆண்டுகளில் உருவான இப்பேட்டையில் இன்று ஆயிரக்கணக்கான சிறு தொழிற்சாலைகள் இயங்கி வருகின்றன. கடைசல், துளையிடல், வார்ப்பு, முலாம் பூசுதல், மின்மாற்றிகளுக்குச் சுருள் சுற்றுதல் எனப் பலவகைப் பணிகள் இங்கு நடைபெறுகின்றன. இத்தொழிற்சாலைகள் பலவற்றின் மூலதனம் ஒன்றிரண்டு யந்திரங்களே ஆகும். அவை ஓடும்வரை தொழிலும் ஓடும். அவை நின்றால் தொழிலும் நின்றுவிடும்.

இத்தகைய தொழிற்சாலை ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். அங்கே மின்மாற்றிச் சுருள் சுற்றும் யந்திரம் ஒன்று முப்பத்தைந்து ஆண்டுகளாக உழைத்து வருகின்றது. ஒரு நாள் காலை அது இயங்க மறுக்கின்றது. அதன் இரும்புச் சட்டம் உறுதியாக இருக்கின்றது, பேரிங்குகள் தேயவில்லை, மோட்டாரும் நன்றாகவே சுழல்கின்றது. எத்தனை சுற்று சுற்ற வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், எப்போது கம்பியை மறுபுறம் திருப்ப வேண்டும் என்று யந்திரத்துக்கு ஆணையிடும் ஒரு சிறு மின்சுற்றுக் கார்டு மட்டுமே செயலற்றுப் போயிருக்கின்றது. கார்டின் நடுவே நாற்பது கால்களுடன் ஒரு சில்லு அமைந்துள்ளது. யந்திரத்தைச் செய்த நிறுவனம் இப்போது இல்லை. சில்லைச் செய்த நிறுவனமோ அதன் உற்பத்தியை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

‘இந்தச் சில்லு எங்கே கிடைக்கும்?’ என்பதே உரிமையாளரின் முதல் கேள்வியாக இருக்கும். ஆயினும் அதற்கு முன்னர் விடை காண வேண்டிய கேள்விகள் மூன்று உள்ளன. இது என்ன சில்லு? இதன் ஒவ்வொரு காலும் என்ன பணி செய்கின்றது? இதனுள் எழுதப்பட்டிருந்த ஆணைகள் யாவை? இவற்றிற்கு விடை தெரியாதவரிடம் புதிய சில்லு கிடைத்தாலும் பயன் இல்லை. பழைய யந்திரங்களைப் பழுது பார்க்கும் தொழிலில் அரிதாகிப் போயிருப்பது உதிரிப் பாகம் மட்டும் அன்று. அதைப்பற்றிய அறிவே பெரிதும் அரிதாகிவிட்டது.

யந்திரத் தொழிலின் நகரம்

யந்திரங்களுக்கும் மின்னணுவியலுக்கும் பெங்களூரு பழைய இருப்பிடமாகும். 1953-ஆம் ஆண்டில், சுவிட்ஸர்லாந்து நாட்டின் ஓர்லிகான் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன், இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் எனப்படும் எச்.எம்.டி. ஜாலஹள்ளியில் தொடங்கப்பெற்றது. அடுத்த ஆண்டே பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் அதே வட்டாரத்தில் நிறுவப்பட்டது. 1962-ஆம் ஆண்டில் யந்திரக் கருவிகளின் ஆராய்ச்சிக்கென மத்திய யந்திரக் கருவி நிலையம் தும்கூர் சாலையில் அமைக்கப்பட்டது. மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிலையம் என்ற பெயருடன் அது இன்றும் பணியாற்றி வருகின்றது. இவற்றைச் சூழ்ந்து வளர்ந்ததே பீன்யாவின் சிறுதொழில் உலகம்.

தொடக்க காலத்து யந்திரங்களில் கட்டுப்பாடு முழுவதும் பற்சக்கரங்களாலும் நெம்புகோல்களாலும் நடைபெற்றது. ஒரு பற்சக்கரம் உடைந்தால், அதன் பற்களை எண்ணி, விட்டத்தை அளந்து, புதியதொன்றை வெட்டிக்கொள்வது தேர்ந்த தொழிலாளிக்கு அரிய செயல் அன்று. ஏனெனில் பற்சக்கரம் தன் செய்தி முழுவதையும் தன் உருவத்திலேயே வெளிப்படையாகக் காட்டுகின்றது. 1980-ஆம் ஆண்டுகளில் அந்த இடத்தை மின்சுற்றுக் கார்டுகள் கைப்பற்றத் தொடங்கிய பின்னர் நிலைமை மாறிற்று. யந்திரத்தின் அறிவு, கண்ணுக்குப் புலப்படாத முறையில் ஒரு சில்லுக்குள் அடங்கிவிட்டது.

மைக்ரோகண்ட்ரோலர் என்பது யாது?

கணக்கிடும் பகுதி, ஆணைகளைத் தாங்கும் நிலையான நினைவகம், கணக்கின் இடையே தோன்றும் எண்களை வைத்துக்கொள்ளும் தற்காலிக நினைவகம், காலத்தை அளக்கும் பகுதி, வெளியுலகுடன் தொடர்பு கொள்ளும் வாயில்கள் ஆகிய அனைத்தையும் ஒரே சிலிக்கான் துண்டில் கொண்ட சாதனமே மைக்ரோகண்ட்ரோலர் ஆகும். இதை நுண்கட்டுப்படுத்தி என்றும் கூறுவர். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 1974-ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்த டி.எம்.எஸ். 1000 இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. 1976-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தின் 8048 வெளிவந்தது. 1980-ஆம் ஆண்டில் வெளிவந்த அதே நிறுவனத்தின் 8051 உலகெங்கும் பரவியது.

இக்காலத்துக் கைப்பேசியுடன் ஒப்பிட்டால் 8051 மிகச் சிறியது. அதன் நிலையான நினைவகத்தின் அளவு 4,096 பைட். தற்காலிக நினைவகம் 128 பைட் மட்டுமே. பன்னிரண்டு மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள கிரிஸ்டலைப் பொருத்தினால், ஒரு சாதாரண ஆணையை ஒரு மைக்ரோ விநாடியில் அது நிறைவேற்றும். இருப்பினும் சுற்றுக்களை எண்ணவும், மோட்டாரை நிறுத்தவும், சூட்டை அளந்து அடுப்பை அணைக்கவும் இவ்வளவே போதுமானது. ஆகவே நெசவு, அச்சு, உலோகத் தொழில் முதலிய துறைகளின் யந்திரங்களில் இச்சில்லும் இதன் உறவினங்களும் இடம்பெற்றன.

இரண்டு ஆயுட்காலங்கள்

நன்கு பேணப்படும் கடைசல் யந்திரம் முப்பது, நாற்பது ஆண்டுகள் உழைக்க வல்லது. சில்லுகளின் சந்தை வாழ்வு அத்தனை நீண்டதன்று. உற்பத்தி முறை மாறுந்தோறும் பழைய ஆலைகள் மூடப்படுகின்றன; குறைந்த அளவே விற்கும் சில்லுக்காக ஓர் ஆலையை நடத்துவது இலாபம் தருவதில்லை. 8051 குடும்பத்தின் உற்பத்தியை இன்டெல் நிறுவனம் 2007-ஆம் ஆண்டில் நிறுத்திவிட்டது. 1976-ஆம் ஆண்டில் பிறந்த ஸைலாக் நிறுவனத்தின் இஸட்-80 நுண்செயலி நீண்டகாலம் தாக்குப் பிடித்தது. அதன் மூல வடிவத்திற்கான இறுதிக் கொள்முதல் கோரிக்கைகளும் 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்துடன் முடிவடைந்தன.

இத்தொல்லை ஏழைத் தொழிற்கூடங்களுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, விண்வெளி ஓடத்தின் உந்து ராக்கெட்டுகளைச் சோதிக்கும் தரைக் கருவிகளுக்காக, 1978-ஆம் ஆண்டைச் சேர்ந்த 8086 சில்லுகளைத் தேடி அலைந்த செய்தி 2002-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. காலங்கடந்த மருத்துவக் கருவிகளை விலைக்கு வாங்கி, அவற்றிலிருந்து அச்சில்லுகளைக் கழற்றி எடுக்க வேண்டிய நிலை அதற்கு ஏற்பட்டது.

நிறுவனங்கள் பெயர் மாறுவதும் தேடுவோர்க்கு இடையூறாகின்றது. மோட்டோரோலாவின் சில்லுப் பிரிவு 2004-ஆம் ஆண்டில் ஃப்ரீஸ்கேல் எனப் பிரிந்து, 2015-ஆம் ஆண்டில் என்.எக்ஸ்.பி. நிறுவனத்துடன் இணைந்தது. அந்த என்.எக்ஸ்.பி.யோ 2006-ஆம் ஆண்டுவரை பிலிப்ஸ் நிறுவனத்தின் ஒரு பகுதியாக இருந்தது. சீமென்ஸின் சில்லுப் பிரிவு 1999-ஆம் ஆண்டில் இன்ஃபினியான் ஆயிற்று. அட்மெல் 2016-ஆம் ஆண்டில் மைக்ரோசிப் நிறுவனத்தின் கைக்கு வந்தது. ஹிட்டாச்சி, மிட்சுபிஷி, என்.இ.சி. ஆகிய மூன்றின் சில்லுகளுக்கும் இன்று வாரிசாக விளங்குவது ரெனெசாஸ் ஆகும். ஒரு சில்லைப்பற்றிய ஏட்டைத் தேடுவோர் முதலில் அதன் வம்சாவளியைத் தெரிந்துகொள்வது நன்று.

பழுது உண்மையில் எங்கே?

கார்டு இயங்கவில்லை என்றவுடன் மைக்ரோகண்ட்ரோலரைக் குற்றஞ்சாட்டுவது பொதுவான தவறு. சில்லு அவ்வளவு எளிதில் கெடுவதன்று. பழைய கார்டுகளில் முதலில் சோதிக்க வேண்டியவை எலெக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிகள், அதாவது கண்டென்சர்களே. இவற்றினுள் இருக்கும் திரவம் காலப்போக்கில் உலர்ந்துவிடும். சூடு பத்து டிகிரி சென்டிகிரேடு உயருந்தோறும் இவற்றின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகக் குறையும் என்பது தொழில்துறையினர் கைக்கொள்ளும் கணக்கு.

அடுத்துக் கவனிக்க வேண்டியது ஐந்து வோல்ட் மின்வழங்கல். அது நாலரை வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் நல்ல சில்லும் தடுமாறும். சாக்கெட்டின் தொடுமுனைகளில் பற்றிய களிம்பு, விரிசல் கண்ட ஈயப் பற்று, அதிராத கிரிஸ்டல், உயிரிழந்த பாட்டரி ஆகியவை பின்னர்ச் சோதிக்கத்தக்கவை. பாட்டரியின் துணையால் நினைவகத்தைக் காத்துவரும் யந்திரங்களில், பாட்டரி தீர்ந்ததும் யந்திரத்தின் அளவீடுகள் அனைத்தும் அழிந்துபோகின்றன. அவற்றைக் காகிதத்தில் எழுதி வைக்காத தொழிற்சாலைக்கு, சில ரூபாய் பெறுமானமுள்ள ஒரு பாட்டரியால் பல நாள் வேலை கெடுவதுண்டு.

இவை யாவும் நல்ல நிலையில் இருந்தும் கார்டு இயங்கவில்லையெனில், அப்பொழுதே சில்லின்பால் சந்தேகம் கொள்ளல் வேண்டும்.

முதுகில் எழுதியுள்ள செய்தி

சில்லின் முதுகில் பொறித்துள்ள எழுத்துக்கள் முதல் ஆதாரமாகும். பொதுவாக அங்கே மூவகைக் குறிகள் காணப்படும். முதலாவது சில்லின் வகையெண். இரண்டாவது செய்த காலத்தைக் குறிக்கும் எண். மூன்றாவது ஆலையின் உட்கணக்குக்குரிய தொகுதி எண்.

கால எண் பெரும்பாலும் நான்கு இலக்கங்களால் ஆனது. முதல் இரண்டும் ஆண்டையும், பின்னிரண்டும் வாரத்தையும் குறிக்கும். எடுத்துக்காட்டாக, 8734 எனில் 1987-ஆம் ஆண்டின் 34-வது வாரம் என்று கொள்ள வேண்டும். வகையெண்ணும் கால எண்ணும் நான்கு இலக்கங்களாகவே இருப்பதால் ஒன்றை மற்றொன்றாக மயங்குவது எளிது. 8051 என்பதை 1980-ஆம் ஆண்டின் 51-வது வாரம் எனத் தவறாகப் படிக்கவும் கூடும். இன்டெல் சில்லுகளில் பதிப்புரிமைக் குறியுடன் காணப்படும் ஆண்டு, வடிவமைத்த ஆண்டேயன்றிச் செய்த ஆண்டு அன்று.

வகையெண்ணிலேயே சில்லின் உள்ளமைப்பு குறிக்கப்பட்டுள்ளது. 8051 எனில் ஆணைகள் ஆலையிலேயே நிரந்தரமாகப் பதிக்கப்பட்டவை. 8751 எனில் அவை புற ஊதாக் கதிரால் அழித்து மீண்டும் எழுதத்தக்கவை. 8031 எனில் உள்ளே நிலையான நினைவகமே இல்லை. ஆணைகள் அருகிலுள்ள மற்றொரு சில்லில் இருக்கும். 8048 குடும்பத்தில் இவ்வாறே 8748, 8035 என்பவை அமைந்துள்ளன.

ஒரே சில்லு பல பெயர்களில் உலவுவதும் உண்டு. 8051-ஐச் செய்யும் உரிமையை இன்டெல் நிறுவனம் பிறருக்கும் அளித்தது. ஆதலின் எஸ்.ஏ.பி. என்று தொடங்கும் எண் சீமென்ஸின் சில்லையும், எஸ்.சி.என். என்பது சிக்னெடிக்ஸின் சில்லையும், எம்.எஸ்.எம். என்பது ஜப்பானின் ஓகி நிறுவனத்தின் சில்லையும் குறிக்கும். சோவியத் நாட்டு யந்திரங்களில் காணப்படும் கே.ஆர். 1816 வி.இ. 51 என்ற சில்லும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. அவ்வெண்ணுக்குரிய ருஷ்ய மொழி ஏடு கிடைக்காவிடினும், இன்டெல் நிறுவனத்தின் கையேடு போதுமான அளவு உதவும். பெயர் வேறானாலும் குடும்பம் ஒன்றே என அறிந்தவருக்குத் தேடலின் பாதித் தூரம் குறைந்துவிடுகின்றது.

1980-ஆம் ஆண்டுகளில் இக்கையேடுகள் தடித்த புத்தகங்களாக அச்சிடப்பட்டு வந்தன. பின்னாளில் அலுவலகங்களை ஒழுங்குபடுத்தும்போது பழங்காகிதமாகக் கருதிக் கழிக்கப்பட்டவை பல. இருப்பினும் ஆர்வலர் சிலர் அவற்றைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துச் சேமித்து வருகின்றனர். பிட்சேவர்ஸ் என்ற மின்னணுக் காப்பகம் இத்தகைய முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது. சில்லின் தற்காலத்து எண்ணைக் கொண்டு தேடுவதைவிட, அக்காலத்துக் கையேட்டின் பெயரையும் ஆண்டையும் கொண்டு தேடுவது இத்தகைய காப்பகங்களில் மிகுந்த பலனளிக்கும்.

எழுத்து அழிந்திருப்பின்

சில யந்திரங்களில் சில்லின் எழுத்துக்கள் வேண்டுமென்றே சுரண்டப்பட்டிருக்கும். அல்லது யந்திரத்தைச் செய்தவரின் சொந்த எண் மட்டுமே காணப்படும். அப்போது கார்டையே ஏடாகக் கொண்டு படிக்க வேண்டும்.

நாற்பது கால்களையுடைய சில்லுகளில் கிரிஸ்டல் எந்தக் கால்களுடன் இணைந்துள்ளது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அது 18, 19-ஆம் கால்களில் இருந்து, தரை இணைப்பு 20-ஆம் காலிலும், ஐந்து வோல்ட் 40-ஆம் காலிலும் இருந்தால், அது 8051 குடும்பம் எனக் கருத இடமுண்டு. கிரிஸ்டல் 2, 3-ஆம் கால்களில் இருந்தால் தரை இணைப்பைத் தேட வேண்டும். அது 20-ஆம் காலில் எனில் 8048. முதற்காலில் எனில் மோட்டோரோலாவின் 6801. 11-ஆம் காலில் எனில் ஸைலாக்கின் இஸட்-8. ஓர் ஓம்மானியும் சிறிது பொறுமையும் இருந்தால் சில நிமிடங்களில் இந்தச் சோதனையை முடித்துவிடலாம்.

கிரிஸ்டலின் எண்ணும் ஒரு செய்தியைக் கூறுகின்றது. 11.0592 மெகாஹெர்ட்ஸ் என்று அதில் இருந்தால், அக்கார்டு வேறொரு கருவியுடன் வரிசைமுறைத் தொடர்பு கொள்ளக் கூடியது என ஊகிக்கலாம். ஏனெனில் அவ்வெண்ணைப் பன்னிரண்டாலும், பின்னர் முப்பத்திரண்டாலும், பின்னர் மூன்றாலும் வகுத்தால், விநாடிக்கு 9,600 என்ற வழக்கமான தொடர்பு வேகம் மீதியின்றிக் கிடைக்கின்றது.

8051 குடும்பத்தில் 31-ஆம் கால் முக்கியமானது. அது தரையுடன் இணைக்கப்பட்டிருந்தால், சில்லு தன் ஆணைகளை வெளியிலுள்ள நினைவகத்திலிருந்தே படிக்கின்றது என்பது பொருள். அப்படியாயின் பழுது பார்ப்பவரின் கவலை பெரிதும் தீர்ந்தது. கெட்ட சில்லை எடுத்துவிட்டு அதே குடும்பத்து வேறொரு சில்லைப் பொருத்தலாம். ஆணைகள் பக்கத்திலேயே பத்திரமாக இருக்கின்றன. அக்கால் ஐந்து வோல்ட்டுடன் இணைந்திருந்தால், ஆணைகள் சில்லுக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றைக் காப்பதே முதற்கடமையாகும்.

ஆணைத் தொகுதியே உயிர்

இந்த ஆணைத் தொகுதியை நிரல் என்பர். வெற்றுச் சில்லை எங்கிருந்தேனும் பெறலாம். நிரலை எந்தக் கடையிலும் பெற இயலாது. ஒரு குறிப்பிட்ட யந்திரத்துக்கென ஒருவர் சிந்தித்து எழுதியது அது.

8751, 2764 போன்ற சில்லுகளின் முதுகில் ஒரு சிறு கண்ணாடிச் சாளரம் இருக்கும். அதன் வழியாகப் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினால் உள்ளே மின்னேற்றமாகப் பதிந்திருக்கும் ஆணைகள் அழியும். இதற்கெனச் செய்த விளக்கு இருபது நிமிடங்களில் அழித்துவிடும். சாளரம் மூடப்படாமல் இருப்பின், நேரான சூரிய ஒளியில் ஏறத்தாழ ஒரு வாரத்திலும், அறையின் குழல் விளக்கொளியில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளிலும் ஆணைகள் அழியக்கூடும் என்று இன்டெல் நிறுவனத்தின் ஏடுகள் எச்சரித்திருந்தன. சாளரத்தின்மேல் ஒட்டிய காகிதம் அலங்காரத்துக்கு அன்று. எண்ணைப் படிப்பதற்காக அதைக் கிழித்து, அப்படியே விட்டுவிடுவது யந்திரத்தின் உயிருக்கே உலை வைப்பதாகும்.

இத்தகைய சில்லுகளிலிருந்து நிரலைப் பிரதி எடுப்பது சிறு பணியே. புரோக்ராமர் எனப்படும் கருவியில் சில்லைப் பொருத்தினால், சில நிமிடங்களில் பிரதி கணினியில் சேர்ந்துவிடும். ஒரு முறைக்கு மூன்று முறை படித்து, மூன்றும் ஒத்திருக்கின்றனவா என ஒப்பிடுதல் நலம். மின்னேற்றம் குறைந்த பழைய சில்லு ஒவ்வொரு முறையும் வெவ்வேறாகப் படிக்கப்படலாம். தவறான வகையைத் தேர்ந்தெடுத்து, எழுதும் மின்னழுத்தத்தைச் செலுத்திவிடாமல் இருப்பதும் முக்கியம். 8751-இல் பாதுகாப்புக் குறி இடப்பட்டிருந்தால் வெளியிலிருந்து படிக்க இயலாது. அந்நிலையில் அதே வகை யந்திரம் வைத்திருக்கும் வேறொரு தொழிற்சாலையின் உதவியை நாடலாம். அல்லது கார்டின் உள்வரவுகளையும் வெளிவரவுகளையும் ஆராய்ந்து நிரலைப் புதிதாக எழுதலாம்.

பிரதி எடுப்பது சட்டத்துக்கு ஒத்ததா என்ற ஐயம் எழலாம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஒரு நிரலை முறைப்படி உடைமையாகக் கொண்டவர், இழப்பிலிருந்தும் சேதத்திலிருந்தும் காத்துக்கொள்ளும் பொருட்டுக் காப்புப் பிரதி எடுக்க இடமளிக்கின்றது. அப்பிரதி, நிரல் எந்த நோக்கத்துக்காக வழங்கப்பட்டதோ அதற்கு மட்டுமே பயன்பட வேண்டும். பிறருக்கு விற்க அது உரிமை தருவதில்லை.

மாற்றும் போலியும்

பழைய சில்லுகளுக்குத் தேவை இருப்பதால் போலிகளும் பெருகியுள்ளன. கழிவுக் கார்டுகளிலிருந்து சூடேற்றிக் கழற்றிய சில்லுகளின் முதுகைத் தேய்த்து, புதிய எண்ணைப் பொறித்து, புத்தம் புதியன என விற்பது உலகளாவிய மோசடி. அமெரிக்க ஆட்சிமன்றத்தின் மேலவையைச் சேர்ந்த ஆயுதப் படைக் குழு 2012-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, பாதுகாப்புத் துறைக்கான கொள்முதலில் சந்தேகத்துக்குரிய மின்னணுப் பாகங்கள் பற்றிய ஏறத்தாழ 1,800 நிகழ்ச்சிகளைக் கண்டது. அவற்றில் அடங்கிய பாகங்கள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவை.

பெங்களூருவில் மின்னணுப் பாகங்களுக்குப் பெயர்பெற்ற சதர் பத்ரப்பா சாலையிலோ, சென்னையின் ரிட்சித் தெருவிலோ, வேறெங்கோ வாங்கினாலும், வாங்குவோர் சில சோதனைகளைச் செய்துகொள்வது நல்லது. ஒரே தொகுதி எனக் கூறப்படும் சில்லுகளின் அடிப்புறக் குறிகள் ஒத்திருக்கின்றனவா? அசிட்டோன் தோய்த்த பஞ்சால் துடைத்தால் எழுத்து அழிகின்றதா? முதற்காலைக் காட்டும் சிறு குழி மழுங்கியிருக்கின்றதா? அச்சில்லு சந்தைக்கு வருமுன்னரே செய்யப்பட்டதாகக் கால எண் கூறுகின்றதா? இவற்றைப் பார்க்க உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றே போதும்.

8051-ஐப் பொறுத்தவரை நல்ல மாற்றுக்கள் உள்ளன. அட்மெல் நிறுவனம் வெளியிட்ட ஏ.டி. 89 எஸ் 52 காலுக்குக் கால் ஒத்தது. மின்சாரத்தாலேயே அழித்து எழுதத்தக்கது. ஆனால் 8051 என்று பெயர் கொண்ட அனைத்தும் ஒன்றாகா. மூலச் சில்லு ஓர் ஆணைக்குக் குறைந்தது பன்னிரண்டு கிரிஸ்டல் துடிப்புக்களை எடுத்துக்கொண்டது. பிற்காலத்து வகைகள் சிலவற்றுக்கு ஒரே துடிப்புப் போதும். பழைய நிரலில், குறிப்பிட்ட முறை வெறுமனே எண்ணிக் காத்திருக்கும் பகுதி இருப்பின், புதிய சில்லில் அக்காத்திருப்பு மிகக் குறைந்துவிடும். சுருள் சுற்றும் யந்திரத்தில் பிரேக் முழுவதும் பிடிக்குமுன்னரே மோட்டார் மறுபுறம் திரும்பினால், கம்பி அறுவதோடு தொழிலாளியின் கைக்கும் தீங்கு நேரலாம். ஆகவே மாற்றுச் சில்லைப் பொருத்தியதும் யந்திரத்தைச் சுமையின்றி, பாதுகாப்பான தூரத்திலிருந்து ஓட்டிப் பார்த்தல் அவசியம்.

எதுவும் கைகூடாவிடில், பழைய கார்டை அகற்றிவிட்டுத் தற்காலத்து பி.எல்.சி. கட்டுப்பாட்டைப் பொருத்தலாம். அப்போதும் யந்திரத்தின் பழைய நடைமுறை தெரிந்திருந்தாலன்றிப் புதிய நிரலை எழுத இயலாது. எவ்வழியில் சென்றாலும் இறுதியில் தேவைப்படுவது தகவலே.

செய்யத் தக்கவை

நீண்டகாலம் உழைக்க வேண்டிய சாதனங்களுக்கு, அயலார் சந்தையை மட்டும் நம்பாதிருப்பது நன்று என்பதற்கு நம் நாட்டு விண்வெளித் துறையே சான்று. விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும் செமிகண்டக்டர் ஆய்வகமும் கூடி உருவாக்கிய விக்ரம் 1601 நுண்செயலி 2009-ஆம் ஆண்டு முதல் ஏவுகலங்களில் பயன்பட்டு வந்தது. அதன் வழித்தோன்றலான விக்ரம் 3201 2025-ஆம் ஆண்டில் அளிக்கப்பட்டது. வடிவமைப்பும் ஏடுகளும் நாட்டுக்குள்ளேயே இருப்பதால், ஒரு தலைமுறையின் அறிவு அடுத்த தலைமுறைக்கு முறையாகக் கைமாற வழி உண்டு.

சிறுதொழில் அதிபர் சில்லு செய்ய இயலாது. அறிவைக் காக்க இயலும். மத்திய அரசின் நுகர்வோர் நலத் துறை 2022-ஆம் ஆண்டில் பழுது நீக்கும் உரிமைக்கெனக் குழு அமைத்து, கையேடுகளும் உதிரிப் பாக விவரங்களும் பொதுமக்களுக்குக் கிடைக்க முயற்சி தொடங்கிற்று. அது முதலில் எடுத்துக்கொண்ட துறைகள் வேளாண் கருவிகள், கைப்பேசி முதலிய மின்னணுப் பொருள்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் ஆகிய நான்கு. தொழிற்சாலை யந்திரங்கள் அந்நான்கினுள் இடம்பெறவில்லை. ஆகவே அவற்றின் உரிமையாளர் தம் கையையே நம்ப வேண்டியவராகின்றார்.

அவர் செய்ய வேண்டியவை சிலவே. யந்திரம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒரு விடுமுறை நாளில், கார்டை இருபுறமும் தெளிவாகப் படம் எடுத்தல். சில்லுகளின் எண்களையும் கிரிஸ்டலின் எண்ணையும் பதிவேட்டில் எழுதுதல். நினைவகச் சில்லுகளின் நிரலைப் பிரதி எடுத்து இரண்டு இடங்களில் வைத்தல். சாளரங்களின்மேல் ஒளி புகாத காகிதத்தைப் புதிதாக ஒட்டுதல். பாட்டரியை மாற்றிய தேதியையும் யந்திரத்தின் அளவீடுகளையும் குறித்தல். பொருத்தமான கையேட்டைத் தேடி அச்சிட்டு யந்திரத்தின் அருகிலேயே வைத்தல். இவ்வளவும் ஒரு நாள் வேலை. தொழிற்பேட்டைச் சங்கங்கள் தம் உறுப்பினர்களின் இத்தகைய குறிப்புக்களைத் தொகுத்து வைக்குமாயின், ஒருவர் கண்டறிந்தது பலருக்கும் பயன்படும்.

சுருள் சுற்றும் அந்த யந்திரத்தின் உரிமையாளர் இவ்வாறு பதிவேடு வைத்திருப்பின், கார்டு கெட்ட அன்று மாலையே புதிய சில்லில் பழைய நிரலை ஏற்றி வேலையைத் தொடர்ந்திருப்பார். வைத்திராவிடின், இரும்பும் மோட்டாரும் சற்றும் குறையாத நல்ல யந்திரம், நான்காயிரம் பைட் அளவுள்ள செய்தி இல்லாமையால், எடைக்கு விற்கும் பழைய இரும்பாகிவிடும். அதனுடன் அதை இயக்கி வந்த தொழிலாளியின் வேலையும் போய்விடும்.